மேசைக்கு நடுவே ஒரு தேதி

அரியலூர் மாவட்டக் கருவூலத்தின் தாழ்வாரத்தில் பத்து மணிக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. தை மாதம். வெயில் ஏறியும் சுவரில் குளிர் விடவில்லை. ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போகும் நேர்காணல் இது. எல்லோர் வாயிலும் ‘மஸ்டரிங்’. மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பென்ஷன் புத்தகம், ஆதார் நகல், பாஸ்புக். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் சொந்தப் பேனா. முப்பது வருடம் பிறருடைய மனுக்களில் கையெழுத்துப் போட்டவர்கள். தங்களுக்கு ஒரு கையெழுத்து வேண்டிக் காத்திருக்கும்போதும் முதுகு நிமிர்ந்தே இருக்கிறது.

வரிசையில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர். விரல் ரேகைக் கருவியில் அவருடைய கட்டை விரல் பதியவில்லை. பருத்தி எடுத்தும் வெங்காயம் அறுத்தும் தேய்ந்த விரல். ஊழியர் பொறுமையாக, “அடுத்த விரலை வைங்கம்மா” என்கிறார். அதுவும் இல்லை. அம்மா விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். பின்னால் நிற்கும் மகன் குனிந்து, “அழுத்தாதம்மா, சும்மா வையி” என்கிறான். பதிந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் இன்னும் ஒரு வருடத்துக்கான நிம்மதி.

மகனுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பெரம்பலூர் கலெக்டர் அலுவலகத்தில் உதவியாளர். அரை நாள் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவை அழைத்து வந்திருக்கிறான். அதை அம்மாவே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது: “அவங்கப்பா போயி இருபத்தி நாலு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் மாசம் பொறந்தா எனக்கு வருது. இவனுக்குத்தான் என்னான்னு தெரியல.”

அதைக் கேட்ட பிறகு பெஞ்சை இன்னொரு முறை பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் 2003 ஏப்ரலுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அல்லது அப்படிச் சேர்ந்தவர்களின் மனைவிகள். அதற்குப் பின் சேர்ந்து, வயது முடிந்து வீட்டுக்குப் போனவர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். இந்தத் தாழ்வாரத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. மாதாமாதம் எதுவும் வராதவர், உயிரோடு இருப்பதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

1.4.2003. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களில் இந்தத் தேதி தெரியாதவர் கிடையாது. அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்றது நிதித்துறையின் 259ஆம் எண் அரசாணை. அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, அதில் 10 விழுக்காட்டை மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். அரசும் அதே அளவு போடும். வட்டியோடு சேர்த்து, ஓய்வு பெறும்போது ஒரு தொகையாகக் கையில் வரும். அதோடு சரி. முதல் தேதிக்கு எதிர்பார்க்க ஒன்றும் இருக்காது. பணிக்கொடையும் கிடையாது. ஊழியர் இறந்தால், இந்த அம்மாவுக்கு வருவதுபோல் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமும் கிடையாது.

அம்மா பேசப் பேசக் கதை தெளிவானது. கணவர் உடையார்பாளையம் தாலுகா ஆபீசில் அலுவலக உதவியாளர். 2002ஆம் ஆண்டு, வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு. மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு அந்த வருடமே மனுப் போட்டார்கள். ஆனால் 2001 இறுதியிலேயே அரசு நியமனங்களுக்குத் தடை விழுந்திருந்தது. அது 2006இல்தான் விலகியது. மகன் வேலைக்குப் போனதும் அந்த வருடம்தான். தகப்பன் இறந்த தேதியைக் கொண்டு கணக்கிட்டால் அவன் பழைய திட்டத்துக்காரன். நியமன ஆணையில் இருக்கும் தேதிப்படி புதிய திட்டத்துக்காரன். நடுவில் கழிந்த நான்கு வருடத்தில் அவன் செய்த தவறு ஒன்றுமில்லை, காத்திருந்தான்.

வேலை பெரம்பலூரில் கிடைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2001 ஜனவரி முதல் தேதி அரியலூர் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டு மார்ச் 31ஆம் தேதி மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23ஆம் தேதி திரும்பவும் பிரித்தார்கள். பெயர்ப்பலகை எழுதுவது சுலபம். ஒவ்வொரு முறையும் பணிப்பதிவேடுகள் மூட்டையாகக் கட்டப்பட்டு லாரி ஏறின. அவற்றோடு மனிதர்களும் இடம் மாறினார்கள். அவன் சேர்ந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். பிரிந்தபோது அவன் இருந்த நாற்காலி பெரம்பலூர்ப் பக்கம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் பஸ்.

பெஞ்சின் மறுகோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லாத பேச்சு. ஆனால் கேட்டவர் ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை.

“ரெண்டாயிரத்து மூணு, ஜூலை ரெண்டு. அன்னிக்கு ஸ்டிரைக்க ஆரம்பிச்சோம். அதுக்கு முந்தியே ராத்திரியோட ராத்திரியா தலைவருங்கள வீடு வீடா வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவசரச் சட்டம். பேப்பர்ல வருது, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரு டிஸ்மிஸ்னு. நம்ம பேரு அதுல இருக்கா இல்லியான்னு ஆபீஸ் கதவுல ஒட்டியிருக்க லிஸ்டப் போயிப் பாக்கணும். நான் போகல. எம் மூத்த மகன் போயிப் பாத்துட்டு வந்தான். வந்து ஒண்ணும் சொல்லல. சைக்கிள நிறுத்திட்டு உள்ள போயிட்டான்.”

டெஸ்மா என்று இன்றும் அரசு ஊழியர்கள் ஒருவித நடுக்கத்தோடு சொல்லும் அந்த அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் 2002இல் வந்தது. அதை இன்னும் இறுக்கிய அவசரச் சட்டம் 2003 ஜூலை 4ஆம் தேதி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த அந்த வழக்கில் நீதிபதிகள் எம்.பி. ஷாவும் ஏ.ஆர். லட்சுமணனும் தீர்ப்பளித்தார்கள். அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்பது அதன் சாரம். நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி நடத்தை விதிகளின் 22ஆம் விதியை மீற மாட்டேன் என்ற உறுதியும் எழுதிக்கொடுத்துப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

தலைமையாசிரியரும் எழுதிக்கொடுத்தார். “முத்து முத்தா எழுதுற கை இது. அன்னிக்கு எழுதுனத எம் பொஞ்சாதிகிட்டகூடக் காட்டல,” என்றார்.

அந்தத் தீர்ப்பின் தேதி 2003 ஆகஸ்ட் 6. பங்களிப்பு ஓய்வூதியத்துக்கான 259ஆம் எண் அரசாணையின் தேதியும் 2003 ஆகஸ்ட் 6தான். டெல்லியில் ஒரு தாளும் சென்னையில் ஒரு தாளும் ஒரே நாளில் கையெழுத்தாகியிருக்கின்றன. யாரும் திட்டமிட்டு இரண்டையும் ஒரு நாளில் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு வேலைக்கு வந்த பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே சுமந்தார்கள். முதுமைக்கான உறுதி போயிற்று. அதைத் திருப்பிக் கேட்டுக் கையை உயர்த்தினால் கை என்னாகும் என்று அவர்களுடைய அண்ணன்மார் கண்டதும் நினைவில் நின்றது.

*

பெரம்பலூர் பஸ் வந்தது. எனக்கும் அங்கே ஒரு மனுவின் கதி தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மகன், அம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ஓடிவந்து படியில் தொற்றினான். எனக்கு முன் சீட்டில் அவனுக்கு இடம் கிடைத்தது.

ஊர் தாண்டியதும் சிமென்ட் லாரிகள். சுண்ணாம்புக்கல் பூமி இது. சாலையோரத்துப் புளிய மரங்களின் இலைகூட வெளுத்திருக்கிறது. பேரளிப் பக்கம் போகப் போகக் கரிசல் விரிகிறது. தார்ச்சாலையில் பாதியை மறித்து மக்காச்சோளம் காயப் போட்டிருக்கிறார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, மஞ்சள் விரிப்பின் ஓரத்தில் சக்கரம் படாமல் ஓட்டிக்கொண்டு போனார்.

பக்கத்து சீட்டுகளில் இரண்டு பெண்கள். ஒருவர் ஆசிரியை, இன்னொருவர் ஏதோ ஒன்றிய அலுவலகம். ஆசிரியை 2004இல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர். இடைநிலை ஆசிரியைக்கு அன்று மாதம் 3,000 ரூபாய். 2006 ஜூன் முதல் தேதிதான் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். அதற்கு முன் கரும்பலகை முன்னால் நின்ற காலம், பணிக்காலத்தில் சேருமா என்பது அவருடைய கவலை.

“புதுசா அறிவிச்சதுல முப்பது வருஷம் இருந்தாத்தான் முழுசாம்மா?”

“அதெல்லாம் விதி வந்தாத்தான் தெரியும் டீச்சர். அறிவிப்பு ஒண்ணு, ஜி.ஓ. ஒண்ணு, அதுக்கப்பறம் தெளிவுரைன்னு ஒண்ணு வரும் பாருங்க. அதுலதான் நம்ம தலையெழுத்து.”

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது 2026 ஜனவரி 3ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்த ‘தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்’ பற்றி. ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் 2025 பிப்ரவரியில் அமைத்த குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்த பிறகு வந்த அறிவிப்பு. கடைசி மாதச் சம்பளத்தில் 50 விழுக்காடு ஓய்வூதியம். அகவிலைப்படி உயரும்போது அதுவும் உயரும். இறந்தால் குடும்பத்துக்கு அந்த ஓய்வூதியத்தில் 60 விழுக்காடு. 25 லட்சம் வரை பணிக்கொடை. ஊழியரின் 10 விழுக்காடு பிடித்தம் மட்டும் தொடரும். பட்டாசு வெடித்து இனிப்புக் கொடுத்த சங்கங்களும் உண்டு, பிடித்தம் இல்லாத பழைய திட்டம்தான் வேண்டும் என்று உறுதியாக நிற்பவர்களும் உண்டு.

மகன் இதுவரை பேசவில்லை. இப்போது செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். “முப்பதாயிரம் பேசிக்னு வச்சுக்கங்க டீச்சர். டி.ஏ. ஐம்பத்தெட்டு பர்சன்ட், பதினேழாயிரத்து நானூறு. ஆக நாப்பத்தேழாயிரத்து நானூறு. அதுல பத்து பர்சன்ட், நாலாயிரத்து எழுநூத்தி நாப்பது. மாசா மாசம் போயிட்டிருக்கு. பழைய திட்டத்துல இருக்கவங்களும் ஜி.பி.எஃப். கட்டுறாங்க. ஆனா அது அவங்க சேமிப்பு, அவங்களுக்கே திரும்பி வந்துரும், பென்ஷன் தனியா வரும். நமக்கு இவ்ளோ நாளாப் புடிச்சது என்னாகும்? குடுப்பாங்களா, அங்கேயே கலந்துருமா? அத யாராவது சொன்னா ராத்திரி தூங்கலாம்.”

டிக்கெட் போட வந்த கண்டக்டர் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். “உங்களுக்காச்சும் கலெக்டர் ஆபீஸ் சார். எங்க ஆளுங்க ரிட்டயர்டு ஆனவங்களுக்கு வருஷக்கணக்கா டி.ஏ. ஏத்தாமலே ஓட்டுனாங்க. அதுக்குத்தான் போன பொங்கலுக்கு முந்துன பொங்கல் நேரம் ஸ்டிரைக்கு,” என்றார். 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் பஸ்ஸை நிறுத்தியது எனக்கும் நினைவுக்கு வந்தது. சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் நகர்ந்தார். ஆசிரியை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

என் மனு இருந்த பிரிவும் அவன் பிரிவும் ஒன்றாகவே அமைந்தது. வெளியே பெஞ்சு. கதவு திறந்திருந்தது.

நீள மேசை. இந்தப் பக்கம் அவன். எதிரே ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி. 1999இல் தட்டச்சராகச் சேர்ந்து உதவியாளரானவர். இருவர் முன்னாலும் ஒரே உயரத்துக்குக் கோப்புகள். ஒரே தபால் பையிலிருந்து பிரித்துக்கொள்கிறார்கள். அவன் பாதி எழுதிய குறிப்பை அவர் முடிக்கிறார். அவர் கணினி நின்றுபோனால் அவன் எழுந்து போய்ப் பார்க்கிறான். “அக்கா” என்கிறான். அவர் “தம்பி” என்கிறார். மதியச் சாப்பாட்டில் அவர் வீட்டு வெங்காயக் குழம்பு இவன் டப்பாவுக்கு வருகிறது.

மேசைக்கு நடுவில் கோடு எதுவும் இல்லை. ஜூன் மாதம் பிறந்தால்தான் அது தெரியும் என்று பின்னால் பேச்சுவாக்கில் புரிந்தது. கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதம். அவர் வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் கேட்டு ஒரு பக்க விண்ணப்பம் கொடுப்பார், பணம் வரும். இவனுடைய பணமும் இருபது வருடமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஓய்வுபெறும் நாள்வரை அதைத் தொட முடியாது. போன ஜூனில் இவன் நகையை அடகு வைத்தான். அக்காவுக்கு அது தெரியும். “ஒரே வேல, ஒரே ரூமு. எனக்கே ஒரு மாதிரியா இருக்கும் சார்,” என்று அவர் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் சொன்னது கதவு வழியே கேட்டது. பழைய திட்டத்தில் இருப்பவர்கள் புதியவர்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. இந்த அம்மாள் குரலைக் கேட்டவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

ஈட்டிய விடுப்புச் சரண்டர் என்று ஒன்று இருந்தது. வருடத்துக்கு 15 நாள் விடுப்பைக் கொடுத்துவிட்டுச் சம்பளமாக வாங்கிக்கொள்ளலாம். இந்த மேசையின் இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த ஒரு கைமாற்று. கொரோனா வந்த 2020 ஏப்ரலில் ஓர் ஆண்டுக்கு என்று நிறுத்தினார்கள். ஓர் ஆண்டு ஐந்தாண்டைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்து, அந்த அக்டோபர் முதல் தேதியிலிருந்து மீண்டும் வந்தது. வந்ததற்கு மகிழ்ச்சிதான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் கட்டணத்தை நிறுத்தி வைக்கவில்லை.

மேசையின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. குரூப் நான்கு தேர்வு எழுதி வந்தவர். காலியாக இருக்கும் பக்கத்து சீட்டையும் சேர்த்து இரண்டு சீட் பார்க்கிறார். அவர் பேச்சில் ஓய்வூதியமே வரவில்லை. ஓய்வுபெற இன்னும் முப்பத்து நான்கு வருடம் இருக்கிறது. அவருடைய கவலை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து, காலை எட்டு மணிக்குள் வேண்டும் என்று கேட்கும் புள்ளிவிவரம். “நாளைக்குத் தரேன்னு சொன்னா பதினேழு ஏ குடுத்துருவாங்களாக்கா?” என்று கேட்டார். விளக்கம் கேட்கும் குறிப்பாணை முதல் வேலை நீக்கம் வரை ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17ஆவது விதிக்குள் அடங்கும். அதில் ‘ஏ’ சிறு தண்டனை, ‘பி’ பெரும் தண்டனை. வேலைக்குச் சேர்ந்து கையெழுத்து படியும் முன்னரே இந்த எழுத்துக்கள் மனப்பாடமாகிவிட்டன.

அக்கா சிரித்து, “குடுக்க மாட்டாங்க. ஆனா போன எடுத்துரு,” என்றார்.

*

மதியம் ஒன்றரை மணிக்கு வாசலில் ஆர்ப்பாட்டம். உணவு இடைவேளையில் நடத்தினால் விதியை மீறியதாகாது. அதனால் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். நூறு பேருக்குக் குறையாது. ஒலிபெருக்கி ஒன்று, அட்டைகள் சில. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ ஒன்பது நாள் நடத்திய வேலைநிறுத்தத்தில் 17(பி) வாங்கியவர்கள் முன்வரிசையில். அந்த நடவடிக்கைகள் இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பெறப்பட்டன. அந்த இரண்டு வருடமும் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராமல் காத்திருந்ததை யாரும் மறக்கவில்லை. முன்வரிசையில் நிற்பதையும் விடவில்லை.

ஓரத்தில் வீடியோ எடுத்துக்கொண்டு ஒரு பெண் காவலர். முப்பது வயதுக்குள். முழக்கம் போடுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். அவர் சம்பளத்திலும் அதே 10 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. அவருக்குச் சங்கம் வைக்க அனுமதி இல்லை, முழக்கம் போட வழியில்லை. ஒலிபெருக்கியில் “குடும்ப ஓய்வூதியம்” என்று வந்தபோது கேமராவைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். பிறகு உயர்த்தினார்.

நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர் ஒருவர் பேசினார். காக்கிச் சட்டை. 1997இல் சேர்ந்தவர். 2002இல் சுமார் பத்தாயிரம் பேரை ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்; 2006இல் திரும்ப எடுத்தார்கள். இடையில் 41 மாதம். “அந்த நாப்பத்தோரு மாசத்துல எங்கூட இருந்தவன் செத்துப் போனான். பசி. நான் பொழச்சேன். பொழச்ச மாசத்த சர்வீஸ்ல சேருங்கன்னுதான் கேக்குறேன்,” என்றார். கைதட்டல் எழவில்லை. அவர் இறங்கும்போது இரண்டு பேர் தோளைத் தொட்டார்கள்.

வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மனுக் கொடுக்க வந்த ஜனங்கள். செட்டிகுளம் பக்கத்து விவசாயி ஒருவர், தலையில் துண்டு. சின்ன வெங்காயம் போட்டு அழுகல் நோயில் போனதற்கு இழப்பீடு கேட்டு வந்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: “மாசச் சம்பளமும் வேணும், பென்ஷனும் வேணும். எங்களுக்கு யாரு குடுக்குறா? எங்கம்மாளுக்கு ஆயிரத்து எரநூறு வருது. அதுக்கே மூணு தடவ மனு.”

அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த ஊழியர்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்பது நியாயம். அவருடைய அம்மாவுக்கு 1,200 ரூபாய் போதாது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த உதவியாளரின் ஓய்வூதியம் போனபோது, மிச்சமான பணம் செட்டிகுளத்து அம்மாவின் கைக்கு வந்து சேரவில்லை. எதிர்வரிசையில் நிற்பவரின் கூரையைப் பிரித்ததால் இவர் வீட்டில் ஒழுகல் நிற்கவில்லை. முதுமைக்கு ஒரு நிச்சயம் வேண்டும் என்ற கோரிக்கையை யாராவது எங்காவது உரக்கக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான், அது என்றாவது வேப்பமரத்தடிக்கும் வரும் என்று நான் நம்புகிறேன். பிரான்சில் 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கியபோது தெருவில் இறங்கியவர்களில் அரசு ஊழியர் மட்டும் இல்லை. குப்பை அள்ளுகிறவர்களும் மாணவர்களும் இருந்தார்கள். இந்தியாவில் ராஜஸ்தானும் இமாச்சலப் பிரதேசமும் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. ஒன்றிய அரசே 2025 ஏப்ரலில் உறுதியான தொகை தரும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சந்தையிடமும் வட்டியிடமும் முதுமையை ஒப்படைக்க மாட்டோம் என்று சொல்லி வாங்கியவைதான் இவை.

பெண்கள் வரிசையின் கடைசியில் நீல நிறச் சேலையில் ஒருவர். சத்துணவு அமைப்பாளர். வேப்பந்தட்டை பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் தேதி சத்துணவைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சி பழைய திருச்சி மாவட்டத்து ஊர். பெரம்பலூரும் அரியலூரும் அன்று அதே மாவட்டம். இந்த மண்ணில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அந்தச் சோற்றில் வளர்ந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம்தான். ஓய்வுபெற்றால் சிறப்பு ஓய்வூதியம் அன்று மாதம் 2,000 ரூபாயாக இருந்தது.

அவர் முழக்கம் போடும்போது கையை முழுதாக உயர்த்துவதில்லை. முழங்கை வரைதான். தோளில் வலி என்று பக்கத்தில் சொன்னார். முப்பது வருடம் அரிசி மூட்டையும் அண்டாவும்.

கூட்டம் கலையும் நேரம். சங்கச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். பங்களிப்புத் திட்டத்தில் சேர்ந்து, ஓய்வூதியம் இல்லாமல் ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்கள் யார் யார் என்று எழுத வேண்டும்; புதிய அறிவிப்பில் அவர்களுக்கும் கருணை ஓய்வூதியம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள், விடுபடக் கூடாது. நின்றபடியே நினைவுபடுத்திச் சொன்னார்கள். இரவுக் காவலராக இருந்தவர், இப்போது திருச்சியில் ஒரு ஏ.டி.எம். வாசலில் அதே காவல். ஜீப் டிரைவர், இப்போது தனியார் பள்ளி வேன். பதிவறை எழுத்தர் ஒருவர் இறந்துவிட்டார். மனைவி எங்கே என்று மூன்று பேர் கேட்டார்கள். மக ஊருக்குப் போயிட்டாங்க என்றார் ஒருவர். எந்த ஊர் என்று தெரியவில்லை. மகன் தன் செல்போனை எடுத்துப் பழைய எண் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

சத்துணவு அமைப்பாளர் தாளை எட்டிப் பார்த்தார். “தம்பி, எங்க பேர எதுல எழுதுறது?”

“உங்களுது தனிக் கோரிக்கைக்கா. மனுவுல இருக்கு. ஏழாவது.”

“ஏழாவதா?”

“ஆமாக்கா. வரிசைப்படி…”

“கலெக்டரு ஏழு வரைக்கும் படிப்பாராப்பா? மேலருந்து மூணு படிச்சுட்டு, சரி பாக்கலாம்னு வச்சுருவாங்க. வர்ற மே மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். தொண்ணூத்தி நாலுல சேந்தவ நானு.” கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லும் குரல். “இந்தத் தடவ கீழருந்து படிச்சுக் காட்டுங்க.”

செயலாளர் கையில் இருந்த மனுவைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே தேதி போட்டு, முத்திரை வைத்து, கையெழுத்தும் ஆகியிருந்தது. இரண்டு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம். மகனுக்கு எதிர்மேசை அக்காவிடம் திரும்பி, “மேடம், சிஸ்டம் ஓடுதா? ஒரு பக்கம்தான், மாத்தி அடிச்சுரலாமா?” என்று கேட்டார்.

அக்கா ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தார்.